அடியில் அடித்த கறுப்பு

மார்ச் 3, திங்கள்

தங்கைக்கு நான் விற்ற பழைய காரில் பெட்ரோல் நாறுகிறது. இன்று காலை அதை ஓட்டிவந்து என் கொட்டகை வாசலில் நிறுத்தினாள். சாவியை மேசையில் வைத்தாள். கையில்கூடக் கொடுக்கவில்லை.

இரண்டு மாதமாக அவள் மகள் பின் இருக்கையில் ஏறினாலே வாந்தி எடுக்கிறாளாம். வயிற்றுக் கோளாறு என்று மருந்தும் பத்தியமும் பார்த்தாயிற்று. சனிக்கிழமை மருத்துவர் பிள்ளையின் சட்டையை முகர்ந்துவிட்டு, "வண்டியில பெட்ரோல் ஒழுகுதா?" என்று கேட்டிருக்கிறார்.

"முதல் வாரமே உன்கிட்ட சொன்னேன்ல அண்ணா? நீ என்ன சொன்ன?"

சொன்னது நினைவிருக்கிறது. பழைய வண்டின்னா அப்படித்தான் மணக்கும், அதுதான் அதோட அழகு. முப்பது வருடமாக வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்வது. வாய் தானாகச் சொல்லிவிடுகிறது.

மார்ச் 4, செவ்வாய்

மெக்கானிக் மேஸ்திரி வந்தார். இருபது வருடமாக என் வண்டிகளுக்கு அவர்தான் கை. ஆள் குட்டை. ஜாக்கி போடாமலே வண்டிக்கு அடியில் நுழைவார் என்று நான் கேலி செய்வேன். "உங்க தொப்பைக்கு லாரியைத் தூக்கினாலும் இடம் பத்தாதுண்ணே" என்பார்.

வண்டியை, அடியில் வேலை பார்க்க வெட்டிய பள்ளத்தின் மேல் ஏற்றிக் கீழே இறங்கிப் பார்த்தோம். எஞ்சின் வயிறு, கியர்பெட்டி, குழாய்கள், எல்லாம் ஒரே கறுப்பு. எது பிரேக் குழாய், எது பெட்ரோல் குழாய் என்று எனக்கே தெரியவில்லை.

கறுப்பு என் கைங்கரியம். விற்பதற்கு முன் வண்டியின் அடியில் தார் கலந்த பெயிண்ட் ஒரு கோட் அடிப்பேன். துரு மறையும். குனிந்து பார்ப்பவனுக்குப் பளபளவென்று இருக்கும். பாதிப் பேர் குனிவதே இல்லை.

"எல்லாத்துக்கும் ஒரே சட்டையை மாட்டி விட்டிருக்கீங்க. எவன் எவன்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

முன்பக்கம், எஞ்சினுக்குக் கீழே, தரையில் கறுப்புச் சொட்டு. பழைய ஆயில்தான், ஆயில் தொட்டியின் பேக்கிங் போயிருக்கும் என்றேன். நாற்றத்துக்குப் பெட்ரோல் பம்ப் காரணமாக இருக்கும். இரண்டையும் மாற்றச் சொன்னேன். மேஸ்திரி அந்தச் சொட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

மார்ச் 6, வியாழன்

பேக்கிங் புதிது. பம்ப் புதிது. நாற்றம் அதே. சொட்டும் அதே.

மார்ச் 8, சனி

தங்கையின் வீட்டுக்காரர் போனில் பேசினார். கத்தினால்கூடச் சமாளித்திருப்பேன். "தீப்பிடிச்சிருந்தா என்ன மச்சான் செஞ்சிருப்பீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

மேஸ்திரி வேலையில் ஏதோ கோளாறு என்றேன்.

"அப்ப அந்த ஆளை மாத்துங்க."

"பாக்குறேன் மாப்பிள்ளை."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மேஸ்திரி மூன்றடி தள்ளிக் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சோப்பு போட்ட கைக்கே மறுபடி சோப்பு போட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மேஸ்திரி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

மார்ச் 10, திங்கள்

வந்தார். வணக்கம்கூட இல்லை. நேராகப் பள்ளத்தில் இறங்கி அந்தக் கறுப்புச் சொட்டைத் தொட்டு இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார்.

"ஆயில்னா வழுக்கணும். இது ஒட்டுது பாருங்க."

வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வாங்கினார். ஐந்து நிமிடத்தில் ஈரம் பறந்துவிட்டது. தார் மட்டும் கறையாக நின்றது.

"இது பெட்ரோல்ணே. வர்ற வழியில உங்க கறுப்பைக் கரைச்சுக்கிட்டு வருது. அதான் ஆயில் மாதிரி ஏமாத்துது."

பெட்ரோல் கறுப்பாகச் சொட்டும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? தோன்றியிருக்க வேண்டும். கறுப்பு அடித்தவன் நான்தானே!

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து எஞ்சினிலிருந்து பின்பக்கமாகத் துடைத்துக்கொண்டே போனார். மெல்லியது பிரேக் குழாய். அதைவிடத் தடித்தது பெட்ரோல் குழாய். வண்டி முன்பக்கம் சரிந்து நின்றதால் பின்னால் கசிந்தது குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து சொட்டியிருக்கிறது. டேங்கை நெருங்கும் இடத்தில் கறுப்பு கழுவிப் போய்க் குழாய் பளிச்சென்று இருந்தது. அங்கே மேஸ்திரியின் கை நின்றது. மேலே ஏறி வந்துவிட்டார்.

"மீதியை நீங்களே பாருங்கண்ணே."

பார்த்தேன். பெட்ரோல் குழாயையும் டேங்கையும் சேர்க்கும் இடத்தில் ஒரு சாண் ரப்பர் ஓஸ். உப்பி, நமுத்து, விரல் பட்டாலே அமுங்குகிறது. பெட்ரோலுக்கு உள்ள ஓஸே இல்லை. ரேடியேட்டர் தண்ணீருக்குப் போடுவது. கிளிப்புக்குப் பதில் கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது. நாலு விரல் தள்ளிச் சைலன்சர் குழாய், கொதிக்கக் கொதிக்க ஓடுவது. நேர் மேலே பின் இருக்கை.

கம்பி இடப்பக்கமாக முறுக்கியிருந்தது. இந்தக் கொட்டகையில் இடதுகைக்காரன் நான் ஒருவன்தான்.

ஞாபகம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது. அவள் வண்டி எடுக்க வருகிற அன்று காலை பழைய ஓஸ் வெடித்திருந்ததைப் பார்த்தேன். ஸ்பேர் கடை திறக்கவில்லை. கைக்குக் கிடைத்ததை மாட்டினேன், அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று. மேலே கறுப்பு. வேறு யாராக இருந்தாலும் வழக்கு கிழக்கு என்று பயந்தாவது மறுநாளே வண்டியைத் திரும்ப வாங்கி மாற்றியிருப்பேன். தங்கச்சிதானே என்று விட்டுவிட்டேன்.

"கம்பியைப் பார்த்ததுமே தெரிஞ்சுதா?" என்று மேஸ்திரியைக் கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நான் சொன்னா குத்தம் சொன்ன மாதிரி ஆயிடும். நீங்களே பாத்துச் சொன்னாத்தான் அது சேதி."

மார்ச் 11, செவ்வாய்

சரியான ஓஸ், இரண்டு பக்கமும் கிளிப். மேஸ்திரி கையாலே மாட்டினார். நான் நாள் முழுக்கக் கறுப்பைச் சுரண்டினேன். கீழே நல்ல இரும்பும் இருந்தது, துருவும் இருந்தது. நாற்றம் இல்லை.

இனி யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பம்ப்தான் என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடலாம். மேஸ்திரி வாய் திறக்க மாட்டார் — திறக்கவே மாட்டார், அந்த மனுஷன்! அதுதான் என்னைக் கொல்கிறது.

மார்ச் 13, வியாழன்

தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஓஸையும் காட்டினேன். அதை விரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவரு அந்த மேஸ்திரியை மாத்தச் சொன்னப்ப நீ என்ன சொன்ன?"

"பாக்குறேன்னு சொன்னேன்."

"அவ வாந்தி எடுத்தப்ப நான் அவளைத் திட்டியிருக்கேன்ணா. நடிக்காதடின்னு அடிச்சிருக்கேன்."

அவள் மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாமா வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள். வா என்று யாரும் கூப்பிடவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன்.

"பணத்தைக் கொடுத்துட்டு நல்லவனாயிடலாம்னு பாக்குறியா? இந்த வண்டியை இன்னொருத்தர் தலையில கட்டுறதுக்கா? ஞாயித்துக்கிழமை வா. பேசுவோம்."

மார்ச் 16, ஞாயிறு

மாப்பிள்ளை காலையிலேயே மேஸ்திரியைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருந்தார். என்னிடம் பேசியதெல்லாம் தங்கைதான்.

வண்டி அவளிடமே இருக்கும். மேஸ்திரி தவிர யாரும், குறிப்பாக நான், அதைத் தொடக் கூடாது. வாங்குபவர் பள்ளத்தில் இறங்கிப் பார்க்கும்வரை எந்த வண்டிக்கும் கறுப்பு கிடையாது. இவ்வளவுக்கும் உடனே தலையாட்டினேன்.

"இன்னொண்ணு. வண்டி பாக்க வர்றவங்க எல்லாருக்கும் என் போன் நம்பரைக் கொடு. கேட்டா நடந்ததைச் சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"வியாபாரமே படுத்துடும்டி."

"படுக்கட்டும்."

பழக்கம் விடவில்லை, பேரம் பேசினேன். ஆறு மாதம் என்றேன். கடையில் கடைசி வண்டி விற்கும்வரை என்றாள். சரி, ஒரு வருடம் என்றேன். அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

முடிந்தது: கடைசி வண்டி விற்கும்வரை.