பிள்ளைகளிடம் சொன்ன பொய்

காசிமேடு,
20.2.2001

அன்பு மகள் பிலோமிக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் நைனாவும் சுகம். நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், நான் நம்பவில்லை. போன முறை காய்ச்சலையும் அப்படித்தான் மறைத்தாய்.

உன் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்து போனார்கள். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, குப்பத்தில் பஞ்சாயத்து எப்படி நடக்கிறது என்று கேட்பது என்ன படிப்போ, எனக்குப் பிடிபடவில்லை. அரசியல் படிக்கத் தொடங்குகிறவர்கள் சட்டசபையை மட்டும் தெரிந்துகொண்டால் போதாது, ஒரு ஊரில் யார் முடிவெடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் என்று மேடம் சொன்னார்களாம். மேடம் நீதானே! முன்கூட்டியே ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? இங்கே நோட்டும் கையுமாக ஆள் வந்தால், அடுத்த வாரம் டேப்போடு அளக்க வருவான், அதற்கடுத்து வீட்டை இடிக்க வருவான். துறைமுக ரோட்டுக்காக வந்தவர்கள் என்றே குப்பம் முழுக்க நினைத்துவிட்டது. உன் பெயரைச் சொன்னார்கள், எவனும் நம்பவில்லை. எனக்கே சந்தேகம்தான், என் மகள் கறுப்பா சிவப்பா என்று கேட்டுப் பார்த்தேன்.

தலைவர் நீலமேகம் எல்லாரையும் ஓரமாகக் கூப்பிட்டு, "இன்னா கேட்டாலும் நல்லதா சொல்லி அனுப்பிடுங்கப்பா, பேஜாரு வாணாம்" என்றார். அப்புறம் ஆளாளுக்குப் புளுகினார்கள். ஊர்ப் பணத்துக்கு எல்லாருக்கும் கணக்குக் காட்டுகிறோமாம், வருஷா வருஷம் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறோமாம்! உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர்தானே தலைவர்? ஒரு பெண், பஞ்சாயத்தில் பெண்கள் உட்காருவார்களா என்று கேட்டாள். அந்த மனுஷன் கொஞ்சமும் கூசாமல், "தோ, சிலுவக்கா கீதே, அது இல்லாம நாங்க எதுவும் பேசறதில்ல" என்று சொல்லி, பஞ்சாயத்துக் கூடத்துக்குள் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டார். நானும் மண்டையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

அவர்கள் போன பிறகுதான் விஷயம் காதுக்கு வந்தது. துறைமுக வாசலில் நாங்கள் மீன் விற்கிற இடத்தை லாரி நிறுத்த விட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தில் முடிவு செய்யப்போகிறார்களாம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லாரிக்காரன் எவனோ பணம் கொடுத்து நன்றாகக் கவனித்திருக்கிறான். உன் நைனாவுக்கும் தெரிந்திருக்கிறது, மூச்சு விடவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடுகிறேன், பேச்சு கிடையாது. அந்த இடம் போனால் கூடையைச் சுமந்து வண்ணாரப்பேட்டையில் தெருத்தெருவாகக் கத்த வேண்டியதுதான். என் முழங்கால் தாங்காது பிலோமி.

ஞாயிற்றுக்கிழமை போய், அவர் போட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். "இன்னாக்கா, இங்க வந்து குந்திக்கினு கீற?" என்றார் நீலமேகம். "நீதாம்பா சொன்ன, நான் இல்லாம எதுவும் பேசறதில்லன்னு. காலேஜ் புள்ளைங்க எழுதிக்கினு போயிருக்குதுங்க" என்றேன். அது சும்மா சொன்னது என்றார். அப்படியானால் பொய் சொன்னேன் என்று நீயே கோயம்புத்தூருக்கு எழுதிப் போடு என்றேன். வாசலில் எங்கள் பெண்கள் கூடையோடு நின்றிருந்தார்கள். லாரிப் பேச்சை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அவர்களை நான் நம்பவில்லை. அடுத்த மாதமும் போய் உட்காருவேன்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். வேளைக்குச் சாப்பிடு. அந்தப் பிள்ளைகள் எழுதியதைத் திருத்தும்போது உனக்குச் சிரிப்பு வரும். ஓட்டுப் போடுவது, கணக்குக் காட்டுவது எல்லாம் புளுகுதான், தாராளமாக அடித்துவிடு. நான் பஞ்சாயத்தில் உட்காருகிறேன் என்று எழுதியிருப்பதில் மட்டும் கை வைக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
சிலுவையம்மாள்