காவிச் சிங்கத்தை மறைத்த அக்காவுக்கு

கார்த்திகைக்கு அகல் வாங்கக் கம்பைநல்லூர் போயிருந்தேன். குயவர் வீட்டு வாசலில் ஒரு பெரியவருக்கு முதுகில் கொப்புளம் ஆறக் காவியால் அக்கி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஈரக் காவியின் வாசம் மூக்கில் ஏறியதும் வாங்க வந்ததை மறந்து அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் ஊர், உங்கள் குயவர். நீங்கள் மட்டும் இல்லை.

நீங்கள் என்னை அக்கா என்பீர்கள், நான் உங்களை அக்கா என்பேன். வயதைக் கடைசிவரை இருவரும் சொல்லவில்லை. இருவருக்கும் ஒரே வியாதி. நம் உடம்பே நம் மூட்டுகளை எதிரியென்று நினைத்து அரிக்கிற முடக்குவாதம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொரப்பூரில் ரயிலேறிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய், ஆளுக்கொரு நாற்காலியில் சாய்ந்து, அதற்கான மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு வருவோம்.

நீங்கள் சரியான சந்தேகப் பிராணி. நானும் லேசுப்பட்டவள் இல்லை, அதனால்தான் ஒட்டிக்கொண்டோம். "பாட்டில எங்க கண்ணு முன்னாடி தொறங்க சிஸ்டர். ஃபிரிட்ஜில இருந்துச்சா, வெளியவே கெடந்துச்சா?" என்பீர்கள். சொட்டு கொஞ்சம் வேகமாக விழுந்தால் போதும், "ஏங்க, உங்களுக்கு வூட்டுக்குப் போற அவசரமா?" என்று கேட்டுவிடுவீர்கள். ஏற்றி முடித்தபிறகு கொஞ்ச நேரம் உட்கார வைத்தால், அதற்கும் ஏதோ உள்நோக்கம் இருக்கிறதென்று என் காதில் ஓதுவீர்கள். அரிப்பு, மூச்சுத்திணறல் வருகிறதா என்று பார்க்கத்தான் உட்கார வைக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னதை நாம் இருவருமே நம்பவில்லை.

அப்படி ஊரையே சந்தேகப்பட்ட நீங்கள்தான் ஒருநாள் முழுக்கை ரவிக்கையோடு வந்தீர்கள். அந்த வெயிலில்! காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, புண் உண்டா, கொப்புளம் உண்டா என்று நர்ஸ் வழக்கம்போலக் கேட்டாள். "ஒண்ணுமில்லீங்க" என்றீர்கள். பிரஷர் பார்க்கத் துணிப்பட்டையைச் சுற்றினாள். அவிழ்த்தபோது ரவிக்கைத் துணியையும் மீறி அதன் உட்புறமெல்லாம் செவேலென்று பொடி.

"என்னாங்கக்கா இது?"

"குங்குமங்க."

"கையிலயா குங்குமம் வெப்பாங்க?"

ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். தோளுக்குக் கீழே காவியில் ஒரு சிங்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் வயிற்றுக்கடியில் கொத்துக்கொத்தாகக் கொப்புளம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு மருந்தைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னார். இந்த மருந்து உடம்பின் காவலைத் தணித்து வைக்கும், அக்கி இருக்கிற நேரத்தில் ஏற்றினால் அது கட்டுக்கடங்காமல் போகலாம், மாத்திரை போட்டு ஆறியபிறகு வாங்க என்றார். நீங்கள் ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என் மருந்த வேற யாருக்கோ ஏத்தப் போறாங்க, வேணும்னா பாருங்க" என்றீர்கள். நானும் ஆமாம் போட்டேன்.

அந்த வாரமே அக்கி உங்கள் விரல்வரை இறங்கியது. மருந்து ஏற்றாமலே அந்தப் பாடு. ஆறிவந்தபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னீர்கள்: "ஊர்ல இருக்கற அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன்க்கா. என் வாயை மட்டும் நம்பிட்டேன்."

அதோடு விட்டீர்களா? அன்றிலிருந்து உங்கள் சந்தேகம் என் பக்கம் திரும்பியது. ரயில் நகர்ந்ததும் ஆரம்பித்துவிடுவீர்கள். "சளி இருக்குதா? ராத்திரி காய்ச்சல் அடிச்சுதா? ஒண்ணுக்குப் போனா எரியுதா?" எதிர் சீட்டில் ஆம்பளைகள் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்க மாட்டீர்கள். மானம் போகும் எனக்கு.

ஆடியில் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் "அந்த ஊசிதான் கொன்னுடுச்சு" என்றார்கள். என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "தொடர்பு இருக்கற மாதிரி தெரியலம்மா. அடிச்சுச் சொல்லவும் முடியாது" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தினால் ஜடைகூடப் பின்ன முடியாத கை என்னுடையது. பயத்தோடுதான் போய்வருகிறேன்.

மகளின் வளைகாப்புக்கு முந்தின வாரம் ஒரு மருந்து நாள் வந்தது. விரல்கள் கட்டைபோல விறைத்துக் கிடந்தன. ஏற்றிக்கொண்டால் மடங்கும், என் கையாலேயே அவளுக்கு வளையல் போடலாம். ஆனால் இரண்டு நாளாக, நீங்கள் ரயிலில் கேட்பீர்களே, அந்த எரிச்சல் இருந்தது. "சொன்னியின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. வாயை மூடிக்கிட்டு ஏத்திக்கிட்டு வா" என்றார் வீட்டுக்காரர். எனக்கும் அதுதான் நினைப்பு. ரயிலில் பக்கத்து இடம் காலி. கேட்பாரில்லை என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

நர்ஸ் கேட்டாள். "ஒண்ணுமில்ல" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுற்றிலும் ஆம்பளைகள். எப்படிச் சொன்னேனோ தெரியாது, "எரியுதுங்க சிஸ்டர், ஒண்ணுக்குப் போனா எரியுது" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்த்து, நோய்த்தொற்று என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்று வீடு வந்து சேர்ந்ததும் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, அந்த மருந்தும் உள்ளே போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தேன்.

வளைகாப்பில் என் முறை வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது, விரல் மடங்கவில்லை. வளையல் கீழே விழுந்து உருண்டது. சம்பந்தியம்மா எடுத்து மாட்டிவிட்டார். சபையே பார்த்தது. கொல்லைப்புறம் போய் அழுதேன். உங்களைத்தான் திட்டினேன், வாய்க்கு வந்தபடி. செத்தும் விடமாட்டீர்களா என்று கேட்டேன்.

போன வாரம் பேரன் பிறந்தான். தொற்று ஆறியபிறகு மருந்து ஏற்றிக்கொண்ட கையால் தூக்கினேன். இப்போதும் உங்களைத் திட்டிக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறேன் அக்கா.