எல்லாரும் கொடுத்த பன்

என்னங்க,

நீங்கள் வாங்கி அனுப்பிய இஸ்திரிப் பெட்டி வந்தது. முந்தைய இரண்டுக்கும் துணையாகப் பரணில் வைத்துவிட்டேன். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.

மருந்துக்கடை வாசலில் ஒரு பெரியவர் பிச்சை கேட்கிறார். காசு கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பீர்களே, அதனால் தினமும் பன் வாங்கிக் கொடுத்தேன். நேற்று தன் பையைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்கப் பன்.

"எல்லாரும் பன்னுதாம்மா தர்றாங்க. செருப்பு பிஞ்சு கெடக்கு. எனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

சுருக்கென்றது. காசாகவே கொடுத்தேன். அதை என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

அடுத்த மாதம் பார்சல் வேண்டாம். பணமாக அனுப்புங்கள். நீங்களும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று இஸ்திரிப் பெட்டிகளின் சொந்தக்காரி