இறக்கைத் தொட்டியில் தண்ணீர்

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது. பட்டாளத்துக்காரர்கள் ஆட்சியைப் பிடித்தபின் ஊரில் பாதிப்பேர் கிளம்பிவிட்டார்கள். நாம் சேர்ந்து வாங்கிய சின்ன விமானத்தைப் பார்த்துவந்த மெக்கானிக்கும் கனடாவுக்குப் போய்விட்டார். அக்காவுக்கும் விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேனில் இருக்கும் மகனிடம் போகிறாள்.

உங்களோடு ஒருநாளும் அதில் ஏறாதவள், போன புதன்கிழமை திடீரென்று கேட்டாள். "தம்பி, போறதுக்கு முன்னாடி நம்ம சவேனி வயல ஒருக்கா மேல இருந்து பாத்துரணும்." குத்தகை முடிந்து கைவிட்டுப் போன வயலை ஏன் பார்க்கவேண்டும்? எனக்குப் புரியவில்லை. ஆனாலும் மறுநாள் காலையில் விமானம் நிற்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அதுவரை விமானம் மழையில் திறந்தவெளியில்தான் நின்றது. நீங்கள் செய்வதுபோலவே, இறக்கைத் தொட்டியின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஜாம் பாட்டிலில் பிடித்தேன். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தங்கிக் கோடு தெரியும், இல்லையா? கோடே இல்லை. வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன், விமானப் பெட்ரோலின் அதே இளநீலம். இருக்கையில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைத்தேன்.

அவள் அதை மூக்கருகே கொண்டுபோனாள். "என்னா தம்பி, வாசமே காணோம்? அவரு சட்டைய இருவது வருசம் தொவச்சவ நானு."

உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தேன். முழுக்கத் தண்ணீர், மச்சான்; அதனால்தான் கோடே தெரியவில்லை. நீலம் வானத்தினுடையது. இன்னும் மூன்று பாட்டில் இறக்கிய பிறகுதான் பெட்ரோல் வந்தது. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலில் எஞ்சின் கிளம்பியிருக்கும். ஓடுபாதையைச் சுற்றியிருக்கும் கரும்புக்கு மேலே ஏறியதும் நின்றிருக்கும்.

"காத்து சரியில்லக்கா, எறங்கு" என்றேன். அவள் கரும்பைப் பார்த்தாள். ஒரு தோகைகூட ஆடவில்லை. "செரி" என்று இறங்கிவிட்டாள். தெரிந்துதான் இறங்கினாளா?

தொட்டியின் மூடியைக் கழற்றினேன். அதில் இருந்தது நான் செய்த ரப்பர் வளையம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரவேண்டியது கலவரத்தில் வராமல் போனதால், டிராக்டர் டியூபில் வெட்டிப் போட்டேனே, அதுதான். பெட்ரோல் பட்டு உப்பி, பிறகு காய்ந்து வெடித்திருந்தது. அந்த வழியாகத்தான் மழை இறங்கியிருக்கிறது.

அன்று ஏதோ பெரிய எஞ்சினியர் போல அதை உங்களிடம் காட்டினேன். நீங்கள் விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டு, "இப்பத்திக்குப் போதும்டா" என்றீர்கள். எத்தனை நாளைக்கு என்று நினைத்தீர்கள்? உடம்பு முடியாமல் இருந்ததால் விட்டுவிட்டீர்களா? என் மனம் நோகக்கூடாது என்றா? கோபம் உங்கள்மேலா என்மேலா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்துப் பூட்டிவிட்டேன். லைசென்ஸ் உள்ள மெக்கானிக் ஒருவர் வந்து பார்க்காமல் இனி அதைத் தொடமாட்டேன். அக்கா வரதோலி வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டே எனக்குத் தேநீர் போட்டுத் தருகிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வயலைக் காட்டச் சொன்னவளை உங்களிடமே அனுப்பிவைக்கப் பார்த்தேன், மச்சான்.

சனிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு. அதற்குப் பிறகும் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டால்,

உங்கள் மச்சினனாகவே இருப்பேன்.