எனக்கு வந்ததும் பெரியம்மாவுக்கு வந்ததும்

அக்கா,

இன்று காலை திண்டுக்கல்லில் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். மகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். செத்த நேரத்தில் அந்தச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. டங் டங்கென்று, நிற்பதும் மறுபடி தொடங்குவதுமாக. முதன்முதலில் அதைக் கேட்டபோது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. “ஏடி, நம்ம கெணத்து மோட்டார் தண்ணியில்லாம ஓடுற மாதிரியில்ல இருக்கு!” நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள். அதற்குள் கண்ணில் நீர் வந்திருந்தது.

அப்போது அவளுக்கு ஏழு வயது. காலையில் எழுந்தால் தலைவலி, உடனே வாந்தி. பித்தம் என்றார்கள், பூச்சி என்றார்கள். தென்னந்தோப்பு வரப்பில் அவள் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நடந்ததை முதலில் கண்டது நீங்கள்தான். என் கணவரின் அண்ணன் மனைவி நீங்கள். ஆனாலும் என்னைவிட முந்திக்கொண்டு அவளைத் தூக்கி மதுரை பஸ்ஸில் ஏறியவர்.

ஸ்கேன் அறைக்குள் அவள் தனியாகப் போகமாட்டேன் என்று அழுதாள். கூட ஒருவர் இருக்கலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்றார்கள். நான் வளையலைக் கழற்றுவதற்குள் நீங்கள் மூக்குத்தியைக் கழற்றினீர்கள், மெட்டியைக் கழற்றினீர்கள், தாலிச் செயினையும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தீர்கள். “என்னக்கா இது?” என்றேன். “வந்து போட்டுக்கிறேன். புள்ள பயப்படுதுல்ல” என்று உள்ளே போய்விட்டீர்கள்.

சிறுமூளையில் கட்டி. அஸ்ட்ரோசைட்டோமா என்று பெயர். டாக்டரம்மா அந்தச் சொல்லைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். “முதல் நிலைதான். பிள்ளைகளுக்கு வர்ற வகை. முழுசா எடுத்துட்டா பெரும்பாலும் திரும்ப வராது” என்றார்கள். எடுத்தார்கள். அடுத்த கட்டிலில் அதே வயதுப் பையன், அவனுக்கும் சிறுமூளையில்தான். ஆனால் அவனுடையது வேகமாய் வளரும் வேறு வகையாம். தலைக்கும் முதுகெலும்புக்கும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். ஒரே இடத்தில், ஒரே வயதில் வந்தது எப்படி வேறாகும்? எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. இன்றைக்கும் பாதிதான் புரிகிறது.

மகள் மறுபடி நடந்தாள். அவள் மூன்றாவது வகுப்பு முடிக்கும் சமயம் உங்களுக்குச் சொற்கள் தவற ஆரம்பித்தன. “அந்தக் கதவை எடுடி, குழம்பைக் கிண்டணும்” என்றீர்கள். நீங்கள் கேட்டது கரண்டி. நாங்களெல்லாம் சிரித்தோம், நீங்களும்தான். பிறகு வெண்டைக்காயைச் சீப்பு என்றீர்கள். கட்டின புருஷன், மாமாவின் பெயரே ஒருநாள் உங்களுக்கு வரவில்லை. அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி. உங்கள் பக்கத்துக் கட்டிலில் பாலசமுத்திரத்துக்காரம்மா. “ஏனுங்க, எனக்கு மூளைக்குள்ளார இல்லீங்க. மேல சுத்தியிருக்கிற உறையிலதானுங்க. எலுமிச்சம்பழம் அத்தனை இருந்துச்சாம், எடுத்துப்போட்டாங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் வீட்டுக்குக் கிளம்பினார். அவரைப் பார்த்துவிட்டு நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாத்தியாடி, அம்புட்டுதான். பாப்பாவுக்கு வந்ததுதான எனக்கும். எடுத்துட்டாச் சரியாப்போயிரும்” என்றீர்கள்.

ஆபரேஷன் முடிந்து, எடுத்த சதையைச் சோதித்துப் பார்த்த பிறகு, மாமாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டார்கள். நாலாவது நிலை, இருப்பதிலேயே மோசமானது என்றார் டாக்டரம்மா.

“எம்மகளுக்கு வந்த அதேதான?” என்று கேட்டேன்.

“ஒரே குடும்பம்னு வச்சுக்கங்க. ஆனா குணம் வேற. உங்க பொண்ணுக்கு வந்தது ஒரு எல்லைக்குள்ள உருண்டையா இருந்துச்சு. இது வேர் மாதிரி நல்ல மூளைக்குள்ள ஓடியிருக்கு. கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்திருக்கோம். மீதியை முழுசா எடுக்க முடியாது.”

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே, “அவகிட்டச் சொல்ல வேணாம்” என்றார். யாரும் சொல்லவில்லை. கரண்ட் வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். முடி கொட்டிய தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், “பாப்பாவுக்கு வந்ததுதான் எனக்கும்” என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மகளிடமும் சொன்னீர்கள். “ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் தாயி. நீ எந்திரிச்சு நடந்தேல்ல, பெரியம்மாவும் நடப்பேன்.”

பிறகு அந்தச் சித்திரை மாத மத்தியானம். பேச்சு ஏறக்குறைய நின்றிருந்த நேரம். மகளுக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நீங்கள் கையை நீட்டி, அவள் பின்னந்தலையில் இருந்த தழும்பைத் தொட்டீர்கள். என்னைப் பார்த்தபடி, “வேற” என்றீர்கள். வேற என்றீர்களா, வேரு என்றீர்களா என்பது எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது, வேர்வையைத் துடைக்கச் சொல்கிறீர்கள் போலிருக்கிறது என்று நினைத்துத் துண்டால் துடைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா அக்கா? தெரிந்தே எங்களுக்காக ஒண்ணு என்று சொல்லிக்கொண்டிருந்தீர்களா? இல்லை, வெண்டைக்காய் சீப்பானது போல வாயில் வந்த ஏதோ ஒரு சொல்தானா அது? நீங்கள் போன பிறகு மாமாவிடம் கேட்டேன். “அவளுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். மறுவாரம், “தெரியாமயா இருந்திருக்கும்?” என்றார். அவருக்கும் என் நிலைதான்.

இன்றைக்கு மகளின் ஸ்கேன் நன்றாக இருக்கிறது. பிளஸ் ஒன் படிக்கிறாள், வேகமாகத் திரும்பினால் மட்டும் கொஞ்சம் தடுமாறுகிறாள். ஊருக்குத் திரும்பும்போது சித்தையன்கோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திடீரென்று கேட்டாள்.

“அம்மா, எனக்கு வந்ததும் பெரியம்மாவுக்கு வந்ததும் ஒண்ணா?”

“இல்லத்தா. பேருதான் கிட்டக்கிட்ட. வேற வேற.”

“பெரியம்மா ஒண்ணுன்னு சொல்லுச்சே.”

“அது அவங்க மனசு தைரியத்துக்குச் சொன்னது.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். “பெரியம்மா செத்ததுக்கப்புறம் நானும் செத்துருவேன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அப்படித்தான் போவேன். இன்னைக்கும் அப்படித்தான் போனேன்.”

அக்கா, இத்தனை வருடமும் இந்தப் பிள்ளை அதைச் சுமந்துகொண்டா பள்ளிக்கூடம் போய் வந்தாள்? உங்கள்மேல் கோபம் வந்தது. வந்த உடனே, தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்மேல் எப்படிக் கோபப்படுவது என்று அதுவும் போய்விட்டது. ஆறுதல் என்று நினைத்து நாங்கள் எல்லோரும் விட்டுவைத்த சொல் அது. யாரை நோவது?

பஸ் போகிற போக்கிலேயே எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு விளக்கினேன். உருண்டையாய் இருப்பது, பரவிப்போவது, உறையில் வருவது, காது நரம்பில் வருவது, தண்டுவடத்தில் வருவது, வேறு உறுப்பிலிருந்து மூளைக்கு வந்து சேர்வது. பாதியில் எனக்கே குழம்பியது. அவள் குறுக்கே கேட்ட கேள்விகளுக்கு, “தெரியலத்தா, அடுத்த தடவை டாக்டரம்மாகிட்ட ரெண்டு பேருமாக் கேப்போம்” என்றேன். “நானே கேக்குறேன்” என்றாள்.

ஊரில் யாராவது மூளையில் கட்டி என்று அழுதுகொண்டு வந்தால், நீங்கள் சொன்னது போல எடுத்துட்டாச் சரியாப்போயிரும் என்று சொல்ல வாய் வருவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன வகைன்னு சொன்னாங்க?” என்று கேட்கிறேன். பல பேருக்குத் தெரிவதில்லை. “வாங்க, போய்க் கேப்போம்” என்று கூடவே கிளம்பிவிடுகிறேன். கேட்ட பிறகு என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை அக்கா.