கால்மாட்டுத் தாளில் டிக்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி வணக்கத்தோடு எழுதுவது. அத்தானுக்கு மூட்டுவலி தேவலையா?

நான் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த வேகத்துக்கு, வேறொருவனாக இருந்தால் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். ஆபரேஷன் செய்த டாக்டரே, "இது இடுப்பெலும்பா, இரும்பா?" என்று அசந்துபோனார். என் ஃபோன்தான் பிழைக்கவில்லை. எழுந்து நடக்கும்வரை கம்பெனி என்னை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருக்கிறது. ராஜ உபசாரம்!

கட்டிலின் கால்மாட்டில் ஒரு தாள் தொங்குகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக். எனக்குத்தான் மார்க் போடுகிறார்கள் என்று பீற்றிக்கொண்டேன். பக்கத்துக் கட்டில் வாத்தியார் சிரித்துவிட்டார்.

"மார்க்கா? அட அப்பாவி! உன்னைப் புரட்டிப் படுக்க வெச்சோம்னு எழுதுறாங்கப்பா. யாராவது புரட்டினாங்களா?"

யாரும் புரட்டவில்லை அக்கா. அவரையும்தான். ஒரே பக்கமாகக் கிடந்து முதுகு புண்ணாகி, காய்ச்சல் கண்டு, நேற்றுக் காலை அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். இன்று மத்தியானம் பார்க்கிறேன், அந்தக் காலிக் கட்டிலின் தாளிலும் டிக் ஏறிக்கொண்டே இருக்கிறது.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. குதிகாலில் சின்னதாக ஒரு கறுப்பு, அவ்வளவுதான். ஆனால் எதிர்க்கட்டில்காரரைப் பற்றி அவர் மகள் தினமும் நர்ஸிடம் ஃபோனில் விசாரிக்கிறாள். அவரை மட்டும் நேரம் தவறாமல் புரட்டுகிறார்கள். அதனால் உன் மகளைத் தினமும் இங்கே ஃபோனில் பேசச் சொல். என் மருமகளுக்குத்தான் ஹெட்மாஸ்டர் குரல். "எங்க மாமாவை இன்னைக்குப் புரட்டினீங்களா?" என்று கேட்டால் போதும். இந்த இல்லத்தின் நம்பர் கடிதத்தின் பின்பக்கம் இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே, அக்கா.

நர்ஸம்மா பேனாவோடு வருகிறார். நிறுத்துகிறேன்.

உன் தம்பி