கிறுக்கல் இல்லாத பக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது, அதாவது அக்காவுக்குத் தம்பி தட்டுவது,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் ஒருவழியாகச் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. பல மாதப் போராட்டத்துக்குப் பிறகு அப்பா அதற்கு ஒரு வாஷர் போட்டு வரலாறு படைத்தார். பொதுமக்கள் யாரும் திரளவில்லை, நான் மட்டும் வாயில் பிரஷ்ஷோடு நின்று கைதட்டினேன். இதை முதலில் போடச் சொன்னது அம்மா இல்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்கு எழுது என்று ஆரம்பிக்கச் சொன்னாள். ஆரம்பித்தாயிற்று, அதில் பாதிதான் உண்மை. உன் சௌக்கியத்தைக் கேட்பது நிஜம், எங்கள் சௌக்கியம் கொஞ்சம் இழுபறி. அம்மாவுக்கு வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருக்கிறது. பதறாதே, எலும்பில் லேசான விரிசல்தான், எப்படி ஆச்சு என்று பின்னால் வரும். அதனால் அவள் சொல்லச் சொல்ல நான் தட்டுகிறேன், நடுநடுவே என் சரக்கும் கலந்து வரும். கடைசியில் படித்துக் காட்டச் சொல்வாள், வேண்டியதை மட்டும் படிப்பேன். போனிலேயே பேசிவிடலாமே என்றேன். போனில் சொன்னால் நீ பதறுவாய், அதைக் கேட்டு அவள் அழுவாள், உடனே நீ ஒரு நிமிஷம்மா இன்னொரு கால் வருது என்பாய், எழுத்தில் இருந்தால் நிதானமாகப் படிப்பாய் என்கிறாள். அத்தை போன் பண்ணி உன் கல்யாணப் பேச்சை எடுத்தாள், அம்மா லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள், லைன் நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பள்ளிக்கூடத்து நூலகம் உனக்குத் தெரியும், மாடிப்படி ஏறினதும் இடது பக்கம், ஜன்னல் ஓரமாக நீள மேசை, அம்மா நாற்காலிக்குப் பின்னால் சாவி மாட்டுகிற ஆணி. இந்த வருஷம் நிர்வாகத்துக்குப் புதுசாக ஒருத்தர் வந்திருக்கிறார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார், அதனால் பள்ளிக்கூடம் முழுக்க அவருக்குக் கோட்டு என்றே பேர். கோட்டு கிழித்த கோட்டை யாரும் தாண்டுவதில்லை. முதல் கூட்டத்திலேயே அவர் சொன்னாராம், நூலகத்தில் தூசிதான் உட்கார்ந்து படிக்கிறது, பிள்ளைகளைக் காணோம், இனிமேல் நூலகம் இணையத்துக்கு வர வேண்டும், பிள்ளைகள் கூடிப் படிப்பதும் கருத்துச் சொல்வதும் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பருவ முடிவில் அந்த அறையைத் தேர்வு அறையாக்கிவிடலாம் என்று. அன்றைக்கு அம்மா வீட்டுக்கு வந்து, தோளில் இருந்த கைப்பையைக்கூட இறக்காமல், டேய், நாள் முழுக்க போனில் பண்ணுகிறாயே ஒரு கண்றாவி, அதை எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடு என்றாள்.

அக்கா, இந்த இடத்தில் தன்னடக்கத்தோடு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அம்மாவுக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தது அடியேன்தான். கல்லில் நார் உரித்த கதை. முதலில் பிள்ளைகள் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு குழு தொடங்கிக் கொடுத்தேன். அம்மா அதில் போட்ட முதல் செய்தி, அமைதி காக்கவும். அன்றிலிருந்து அங்கே மயான அமைதி, அதற்கு நிஜ நூலகமே தேவலை. அடுத்தது எல்லாரும் சேர்ந்து படிக்கிற பொதுப் பக்கம். அட்டையும் இல்லாமல், எழுதினவர் பேரும் இல்லாமல் ஒரு பழைய துப்பறியும் கதை அலமாரியில் கிடந்ததே, அதைத் தினம் ஒரு பக்கமாக ஒற்றை விரலால் தட்டி ஏற்றினாள். ஏற்றிவிட்டு அதன் லிங்க்கை ஒரே ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாள். அடுத்த பிள்ளை வந்து கேட்டதற்கு, வெளியே போயிருக்கு, திரும்பி வந்ததும் தருகிறேன் என்றாளாம். லிங்க் போகவும் போகாது, வரவும் வராதும்மா, ஒரே நேரத்தில் பள்ளிக்கூடமே படிக்கலாம் என்றேன். ஒரே பிரதியையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இத்தனை வருஷமாக ஒரு புத்தகத்துக்கு நாலு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவள் இல்லையா, அவள் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, வாசகர்களைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். கால்பந்து மைதானம், தண்ணீர்க் குழாய் வரிசை, சைக்கிள் நிறுத்தம் என்று ஓட்டுக் கேட்கிற மாதிரி அலைந்தேன். அலைந்ததற்குப் பலன், முப்பது பேருக்குக் குறையாது. சொந்தப் பேர் போட வெட்கப்பட்டு எல்லாரும் புனைபெயரில் வந்தார்கள். ஊமைக்கோட்டான், வாலறுந்த பல்லி, தூங்குமூஞ்சி, கடைசி பெஞ்சு, இப்படி. கதைக்குப் பக்கத்திலேயே ஓரத்தில் குறிப்பு எழுதலாம் இல்லையா, எழுதித் தள்ளினார்கள். வில்லன் மீசையும் நம் கணக்கு வாத்தியார் மீசையும் ஒரே கடையில் வாங்கினதா என்று ஒருத்தன். துப்பறிகிறவர் தன் தொப்பியையே இவ்வளவு நேரம் தேடினால் கொலைகாரனை எப்போது தேடுவார் என்று இன்னொருத்தன். அம்மா சாப்பிடும்போது இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், அப்பாவுக்குப் புரை ஏறும். எந்தப் பேருக்குள் எந்தப் பிள்ளை ஒளிந்திருக்கிறது என்று அவளே துப்பறியவும் ஆரம்பித்துவிட்டாள். வாலறுந்த பல்லி, கோல் கீப்பர் பையனாம். ஊமைக்கோட்டான், எட்டாம் வகுப்பில் வாயே திறக்காமல் ஜன்னல் ஓரம் உட்கார்கிற பெண்ணாம். அந்தப் பெண் வந்தால் அம்மா ரகசியமாகச் சிரிப்பாள், புதுப் புத்தகம் எது வந்தாலும் முதலில் அவள் கையில்தான். அது ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டு போகும்.

கோளாறு எங்கே என்றால், அம்மாவின் ரப்பரில். புத்தகத்தில் கிறுக்கினவன் பேரைத் தலைமையாசிரியரிடம் கொடுக்க வேண்டும் என்பது பள்ளி விதி, அம்மா இதுவரை ஒரு பேரும் கொடுத்ததில்லை. புத்தகம் திரும்பி வந்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டி, பென்சில் கிறுக்கலை எல்லாம் தானே அழித்து, தூளை ஊதிவிட்டு அலமாரியில் வைப்பாள். அவள் கைப்பையில் வீட்டுச் சாவி இல்லாமல் போனாலும் போகும், ரப்பர் இல்லாமல் போகாது. அதே வேலையை இங்கேயும் பார்த்தாள். தினம் சாயங்காலம் நூலகத்தைப் பூட்டுவதற்கு முன்னால் குறிப்புகளை ஒன்று விடாமல் படிப்பாள், சிரிப்பாள், பாவம் பிள்ளைகள் யார் கண்ணிலும் பட்டு மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒவ்வொன்றாக அழிப்பாள். காலையில் பார்த்தால் பக்கம் கழுவித் துடைத்த தரை மாதிரி இருக்கும்.

போன வாரம் கூட்டம் நடந்தது. சுவரில் திரை கட்டி, ஒவ்வொரு பாடத்துக்காரரும் தங்கள் பக்கத்தைக் காட்டினார்களாம். அம்மாவின் முறை வந்தது. கதை இருக்கிறது, ஓரத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. கோட்டு மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, யாருமே எழுதலையா மேடம் என்று கேட்டாராம். அம்மா எழுந்து நின்று, பெருமையாக, அக்கா, பெருமையாகவே சொல்லியிருக்கிறாள், நிறையப் பிள்ளைங்க கிறுக்கினாங்க சார், நான்தான் தினமும் சுத்தமா அழிச்சிடுவேன் என்று. பிறகு கணக்கு வாத்தியார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார், கூட்டத்தில் கழித்தலைக் கண்ட சந்தோஷம். கோட்டு சிரிக்கவில்லை, அழித்ததைக் கணக்கில் சேர்க்க முடியாதே என்று மட்டும் சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். அம்மாவுக்கு அப்போதும் புரியவில்லை. எல்லாரும் கலைந்த பிறகு கம்ப்யூட்டர் டீச்சர் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், அந்தக் கிறுக்கலைப் பார்க்கத்தான் அவர் வந்ததே என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் உத்தரவு வந்துவிட்டது. நூலகம் தேர்வு அறை, புத்தகங்கள் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இருட்டறைக்கு, அம்மா வரவேற்பு மேசைக்கு. போன் வந்தால் எடுத்து, இணைப்புத் தருகிறேன் காத்திருங்கள் என்று சொல்கிற வேலை. இணையத்தில் தோற்றவளுக்கு இணைப்புக் கொடுக்கிற உத்தியோகம், யாருடைய நகைச்சுவையோ தெரியவில்லை, என்னுடையது இல்லை. புத்தகங்களைக் கட்டுக் கட்டாகக் கயிறு போட்டு இறக்கும்போது ஒரு கட்டு நழுவி அவள் கையில் விழுந்தது, விரல் போனது அப்படித்தான். அன்றைக்கும் கையைப் பார்க்கவில்லையாம், கீழே விழுந்த புத்தகங்களில் எதுவும் கிழிந்ததா என்று பார்த்திருக்கிறாள். அப்பா அவளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று, அலைச்சல் குறையும் விடு என்றார், அதற்கு அவள் முறைத்த முறைப்பில் அப்பா மறுபடியும் குழாயைப் பார்க்கப் போய்விட்டார். இனி வருவது அம்மா சொல்வது, ஒரு வார்த்தை மாற்றவில்லை.

கண்ணு, அறை போனா போகட்டும், நாற்காலி போனா போகட்டும், நான் அதுக்கு அழலை. வகுப்புல எழுந்து நின்னு ஒரு பதில் சொல்ல பயப்படற பிள்ளைங்க, பேரை மறைச்சுக்கிட்டாவது ரெண்டு வார்த்தை எழுதினதுங்க. அதை நான் தினமும் உட்கார்ந்து அழிச்சிருக்கேன். மறுநாள் வந்து பார்த்து, எழுதினதைக் காணோமேன்னு அதுங்களுக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. அப்படியும் மறுபடி மறுபடி எழுதினதுங்களே, அதை நினைச்சாதான் எனக்குத் தாங்கலை. அந்த ஊமைக்கோட்டான் பொண்ணு இப்ப என்னைப் பார்த்தா தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது. நீ கம்ப்யூட்டர் ஆபீஸ்லதானே வேலை பார்க்கறே. அழிச்சது எங்கேயாவது குப்பைக்கூடை மாதிரி ஒண்ணுல விழுந்து கிடக்கும், தெரிஞ்சவங்க எடுத்துடலாம்னு கம்ப்யூட்டர் டீச்சர் சொல்றா. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டினா யோசிக்கலாம்னு அந்தக் கோட்டுக்காரரும் சொல்லியிருக்கார். வாய் வார்த்தைக்குத்தான் சொன்னார்னு எனக்கும் தெரியும். அவருக்காக இல்லாட்டியும் எனக்காக எடுத்துக் கொடும்மா. எந்தப் பிள்ளை என்ன எழுதுச்சுன்னு தெரிஞ்சா, ஒவ்வொண்ணையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுட்டு அந்த அறைச் சாவியை அவர்கிட்டயே கொடுத்துடுவேன். பாஸ்வேர்டு உன் பிறந்தநாள்தான், வேற எதை நான் ஞாபகம் வெச்சுக்கப்போறேன்.

போன மாசம் நீ அனுப்பின போட்டோவுல கழுத்து எலும்பு தெரியுது. நின்னுக்கிட்டே சாப்பிடாதே, உட்கார்ந்து சாப்பிடு. கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு இருக்காம அப்பப்போ ஜன்னல் வழியா தூரமா பாரு, கண்ணுக்கு நல்லது. உன் தம்பி படிக்கறான்னு நினைச்சுக்கிட்டிருக்கேன். இந்த ஒரு விஷயத்துல மட்டும் ராத்திரி பகல் பார்க்காம எனக்குத் துணையா இருந்தான், அவனுக்கு நீ ஒரு வார்த்தை நல்லதா எழுதணும். எங்கே இருந்தாலும் நீ நோய் நொடி இல்லாம, மனசுல குறை இல்லாம நல்லா இருக்கணும். வெள்ளிக்கிழமையை மறந்துடாதே.

கட்டுப் போட்ட கையோடு ஆசீர்வாதம் செய்யும்
உன் அம்மா

பின்குறிப்பு: அக்கா, அம்மா துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள், ஒற்றைக் கையால் கிளிப்பைக் கழற்ற நேரமாகும். அதற்குள் சொல்லிவிடுகிறேன். அந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போகாதே. போனால் எதுவும் கிடைக்காது என்பதற்காக இல்லை, எல்லாம் கிடைத்துவிடும் என்பதற்காகத்தான் சொல்கிறேன். அழித்த குறிப்பு ஒவ்வொன்றும் வரும், கூடவே அது யாருடைய கணக்கு என்பதும் வரும். கோட்டானும் பல்லியும் தூங்குமூஞ்சியும் ஒரே போன் நம்பரில் பிறந்தவர்கள், அந்த நம்பருக்குத்தான் நீ மாதா மாதம் ரீசார்ஜ் போடுகிறாய். முதலில் விளையாட்டாகத்தான் ஒன்று எழுதிப் போட்டேன், அம்மா கடுப்பாவாள், ரசிக்கலாம் என்று. அன்றைக்குச் சாயங்காலம் அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஒரு பிள்ளை எழுதியிருக்குடா என்றாள். அந்தக் குரலை நீ கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீயும் மறுநாள் ஒரு பல்லியை விட்டிருப்பாய். அவள் அழிக்க அழிக்க நான் எழுதினேன். அழிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், தடயம் போனால் நல்லதுதானே என்று வாயை மூடிக்கொண்டேன். மைதானம், தண்ணீர்க் குழாய் என்று அலைந்ததாக எழுதினேனே, மொத்தம் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருத்தன் இதில் கேம் இருக்கிறதா என்றான், இன்னொருத்தன் உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்றான்.

என்னுடையது இல்லாத குறிப்பு ஒன்றே ஒன்று இருந்தது. கதையின் நடுவில் கயிறு அறுந்து லிப்ட் கீழே விழுகிற இடத்தில், இது நடக்காத காரியம், கயிறு அறுந்தாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும், எழுதியவர் ஒரு மெக்கானிக்கை விசாரித்திருக்கலாம் என்று யாரோ எழுதியிருந்தார்கள். நிஜமாகவே ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் நம் வீட்டிலேயே ஒரு லிப்ட் மெக்கானிக் இருப்பது உறைத்தது. கேட்டேன். அம்மாகிட்ட சொல்லாதேடா, யாருமே எழுதலைன்னா மனசு விட்டுடுவா என்றார் அப்பா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதைக் கோட்டிடம் காட்டினால் பெற்ற பிள்ளையை வைத்து ஏமாற்றினாள் என்பார்கள். அம்மாவிடம் காட்டினால் அதைவிட மோசம். இப்போதாவது பிள்ளைகள் எழுதியதை அழித்துவிட்டோம் என்று அழுகிறாள், யாருமே எழுதவில்லை என்று தெரிந்தால் எதைச் சொல்லி அழுவாள். அதனால் எவ்வளவோ தேடியும் கிடைக்கவில்லை என்று நீயே எழுதிவிடு, நீ சொன்னால் நம்புவாள். அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணிடம் அவள் மன்னிப்புக் கேட்கப் போவதை எப்படித் தடுப்பது என்றுதான் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, உனக்குத் தோன்றினால் சொல்லு. படியில் அம்மா காலடி கேட்கிறது. முப்பது வாசகர்களைப் பிடித்தேன் என்று பீற்றிக்கொண்டேனே, ஒருத்தன்தான் அக்கா, இதைத் தட்டுகிறவன், அவனும் அந்தக் கதையை இரண்டாம் பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை.